டர்பனில் தமிழ்ப்படம் போடும் வாட்ஸ்அப் குழு: இருக்கை நல்லா இருக்கு, கதையைத்தான் காப்பாற்றுவதில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது "இங்கே தமிழ்ப்படம் எங்கே பார்ப்பது?" என்று கேட்டால், கொஞ்ச நேரத்தில் அவர்கள் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவின் இணைப்பு வந்துவிடும். நான் எழுதப் போவது அந்தக் குழுவைப் பற்றித்தான். பெயரைப் போடவில்லை. நடத்துகிறவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு, வார இறுதியையும் கொடுத்து, சில சமயம் கைக்காசையும் போட்டுச் செய்கிறவர்கள். அவர்களை ஊரறியப் பெயர் சொல்லிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் குறை இருக்கிறது. சாயங்காலக் காட்சிக்கு டிக்கெட் விற்ற அதே குழுவில், காலையிலேயே அந்தப் படத்தின் முடிவைப் படித்துவிட்டு, தெரிந்த கதையைப் பார்க்க மாலுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிற நிலைமை இருக்கிறதே, அதைச் சின்னக் குறை என்று விட முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நடிகர் படம் என்றால் மால் தியேட்டர்களிலேயே வந்துவிடும், ஆளைப் பொறுத்து ஒரு வாரம் ஓடும். பெரிய பெயர் இல்லாத நல்ல படங்கள்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் குழு ஆள் சேர்த்து, விநியோகம் செய்பவர்களிடம் பேசி, ஒரு திரையை ஒரு காட்சிக்கு மொத்தமாக எடுக்கிறது. பேங்க் ஆப்பில் பணம் அனுப்பி ரசீதைக் குழுவில் போட்டால் உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். வயதானவர்களுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே இடம், குழந்தையோடு வருகிறவர்களுக்குக் கதவுப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து உட்கார வைப்பார்கள். காட்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். இங்கே பிறந்து வளர்ந்த என் மாமியாருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், ஆங்கில சப்டைட்டில் இல்லாவிட்டால் வரமாட்டார். சப்டைட்டில் உண்டா இல்லையா என்பதை இவர்கள் அறிவிப்பிலேயே எழுதிவிடுவார்கள். அரசின் வயது வரம்பையும், வன்முறை அதிகம், கெட்ட வார்த்தை அதிகம் என்கிற எச்சரிக்கை எழுத்துகளையும் சேர்த்தே போடுவார்கள். பாப்கார்னில் வினிகர் உப்பைத் தூவிக்கொண்டு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், துங்காட் என்று எல்லாப் பக்கத்துத் தமிழ் ஆட்களையும் ஒரே அறையில் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான விஷயம். இதற்கெல்லாம் முழு மதிப்பெண்.

அப்புறம் வருவதுதான் பிரச்சினை.

நேரக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 2023க்குப் பிறகு தமிழ்நாட்டில் விடிகாலை 4 மணிக் காட்சி கிடையாது, 9 மணிக்குத்தான் முதல் காட்சி. அங்கே 9 என்றால் இங்கே 5.30. நாம் எழுந்து டீ போடும் நேரத்தில் அங்கே படம் ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் நேரத்தில் இடைவேளை தாண்டியாகிவிட்டது, ஆபீஸ் போய்ச் சேரும்போது மொத்தக் கதையும் வெளியே வந்துவிட்டது. நம் காட்சியோ ராத்திரி ஏழரைக்கு. அதுவும் சின்னப் படம் என்றால் அன்றைக்கே வராது, அடுத்த சனிக்கிழமைதான். நாள் முழுக்கவோ வாரம் முழுக்கவோ நாம் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். அதை நான் செய்வேன். ட்விட்டரைத் திறக்க மாட்டேன், யூடியூப் பக்கம் போக மாட்டேன். ஆனால் டிக்கெட் குழுவை எப்படித் திறக்காமல் இருப்பது? இருக்கை எண் அதில்தான் வருகிறது, காட்சி நேரம் மாறினால் அதில்தான் வருகிறது, பார்க்கிங் எந்தத் தளம் என்பதும் அதில்தான்.

போன தடவை நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் குழுவில் ஒருவர் ஒரு வீடியோவைத் தள்ளிவிட்டார். சென்னை தியேட்டர் ஒன்றில் போனில் எடுத்தது, ஓரத்தில் யாரோ ஒருவருடைய தலை, ஒரே விசில் சத்தம். நான் அதைத் தொடவே இல்லை. தொடத் தேவையும் இல்லை. வீடியோவின் முகப்புப் படத்திலேயே, படத்தில் கௌரவ வேடத்தில் வருகிற ஒரு நடிகரின் முகம் முழுசாகத் தெரிந்தது, அதற்குக் கீழே தீ எமோஜிகள் வரிசையாக. படக்குழு போஸ்டரில் போடவில்லை, டிரெய்லரில் காட்டவில்லை, பேட்டியில் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினார்கள், அவ்வளவு பேர் அத்தனை மாதம் காப்பாற்றிய ஒன்று, இருக்கை எண்ணைத் தேடி உள்ளே போன எனக்கு ஒரு நொடியில் போய்விட்டது. ராத்திரி அந்தக் காட்சி வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள், நான் கைதட்டினேன், துள்ளல் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீடியோவை எடுத்ததே குற்றம். இந்தியாவில் 2023இல் திருத்திய சினிமாச் சட்டப்படி, தியேட்டரில் ஓடும் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம் சிறை, 3 ஆண்டு வரைகூடப் போகலாம், அபராதம் 3 லட்சத்தில்தான் தொடங்குகிறது. படத்தை முறைப்படி வாடகை கொடுத்து எடுத்து, எல்லோரிடமும் காசு வாங்கித் திரையிடுகிற குழுவில் அந்தத் திருட்டு வீடியோ நாள் முழுக்கக் கிடந்தது. அட்மின் அண்ணன் அதை நீக்கவில்லை. நான் தனியாகச் செய்தி அனுப்பினேன்: "அண்ணே, அதை எடுத்துடுங்க, ராத்திரி பார்க்கப் போறவங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க." அவர் நல்லவர்தான், உடனே பதில் போட்டார்: "விடுங்கக்கா, ஆசையா போட்டுட்டார், சொன்னா மனசு கஷ்டப்படும்."

போட்டவர் மனசு கஷ்டப்படும் என்று யோசித்தவர், பார்க்கப் போகிறவர்கள் மனசை ஏன் யோசிக்கவில்லை? எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். நம்மில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. முதலில் தெரிந்துகொண்டவர் சொல்லிவிட வேண்டும், சொன்னால் அவருக்கு ஒரு பெருமை, கேட்டவர் "ஐயோ" என்றால் "படம்தானே" என்று அவரையே சின்னவராக்கிவிடுவது. காசு கட்டியவருக்கும் கதை சொன்னவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு?

முடிவை அப்படியே சொல்லிவிடுகிறவர்களாவது பரவாயில்லை, அவர்கள் தப்பு செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது ஜாடை காட்டுகிறவர்களைப் பார்த்துத்தான். "நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா கடைசி பத்து நிமிஷம் மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க." "இடைவேளைக்கு முன்னாடி ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க, நீங்க நினைச்சே பார்க்க மாட்டீங்க." "கைக்குட்டை எடுத்துட்டுப் போங்க." "அந்த அமைதியான ஆளை மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க." இவை எல்லாம் குழுவில் நான் படித்தவை. இதைச் சொன்னவர்கள் தாங்கள் எதையும் சொல்லவில்லை என்றே நம்புகிறார்கள். ஆனால் ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நான் படம் பார்ப்பதை விட்டுவிட்டு ட்விஸ்ட்டைத் தேட ஆரம்பித்துவிடுவேன். ஒவ்வொரு முகத்தையும் சந்தேகப்படுவேன். கைக்குட்டை என்றால் யாரோ சாகப் போகிறார்கள், சிரித்துக்கொண்டு வருகிற முதல் ஆள்மேலேயே கண் போய்விடும். படம் பிடித்திருந்தால் "பிடிச்சது, போய்ப் பாருங்க" என்று சொல்லலாம். நடிப்பைப் பற்றிப் பேசலாம், ஒளிப்பதிவைப் பேசலாம், பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். டிரெய்லரில் படக்குழுவே காட்டியதைத் தாராளமாகப் பேசலாம். அதற்கு மேல் போகாமல் ஒரு படத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும்.

குழுவில் இதைக் கேட்டபோது இரண்டு பதில் வந்தது. இரண்டுமே யோசிக்க வேண்டியவை என்பதால் எழுதுகிறேன்.

ஒருவர் ஆராய்ச்சி ஒன்றை எடுத்துக் காட்டினார். 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், 12 சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு தெரிந்தவர்கள்தான் கதையை அதிகம் ரசித்தார்கள் என்று வந்தது. உண்மைதான், அந்த ஆய்வு இருக்கிறது. ஆனால் அது உட்கார்ந்து படிக்கிற சிறுகதை. ஊரே விசிலடிக்கிற தியேட்டர் இல்லை. அதற்குப் பின்னால் வந்த ஆய்வுகளில் நேர்மாறான முடிவும் வந்திருக்கிறது. அதையும் விடுங்கள், நூறு பேரில் அறுபது பேருக்குப் பிடித்திருந்தது என்பதற்காக என்னிடம் கேட்காமல் என் காதில் போட யாருக்கும் உரிமை வந்துவிடாது. முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் பார்ப்பேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள், என் மாமியாரே அப்படித்தான், இரண்டாம் பாதியில் "இவன் செத்துடுவானா?" என்று கேட்டுவிடுவார். கேட்டவருக்குச் சொல்லுங்கள். கேட்காதவருக்கு ஏன்?

இன்னொருவர் இந்த ஊர்க்காரர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். அவர் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து அடுத்தடுத்து வந்த கரும்புத் தோட்டத்து ஆட்களோடு தெருக்கூத்தும் இங்கே வந்தது. இந்த ஊரில் இங்கிலீஷில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றே பெயர். திரௌபதி கதை, அரிச்சந்திரன் கதை எல்லாம் பாட்டன் காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள், கதை தெரிந்ததால் யாருக்குக் குறைந்து போச்சு என்று கேட்டார். எனக்குக் கூத்துமேல் ரொம்ப மரியாதை உண்டு, அதனால்தான் பதில் சொல்கிறேன். கூத்தில் கட்டியங்காரன் வந்து யார் வரப் போகிறார், என்ன நடக்கப் போகிறது என்று சொல்வது கூத்துக்காரர்களே வைத்துக்கொண்ட முறை. அங்கே கதை மறைக்கப்படவே இல்லை, திரௌபதி எப்படி அழுகிறாள், அர்ச்சுனன் தவம் செய்ய மரத்தில் எப்படி ஏறுகிறான் என்பதற்காகத்தான் கூட்டம். துப்பறியும் படம் எடுத்தவர் வேறு முடிவு எடுத்திருக்கிறார். ஒன்றை மறைத்து வைத்து, இந்த இடத்தில்தான் திறப்பேன் என்று கட்டியிருக்கிறார். சொன்னவரே திறந்து வைத்ததை நாமும் பேசலாம், சொன்னவர் மூடி வைத்ததை நாம் திறக்கக் கூடாது. எஸ். பாலச்சந்தர் 1954இல் ஏவிஎம்முக்காக எடுத்த 'அந்த நாள்' படத்தில் தொடக்கத்திலேயே சிவாஜியின் பாத்திரம் சுடப்பட்டுச் செத்துவிடும், அதை நான் இப்படி எழுதுவதில் தப்பே இல்லை, படம் அங்கேதான் தொடங்குகிறது. சுட்டது யார் என்று எழுத மாட்டேன். எழுபது வருடம் தாண்டிவிட்டதே என்று யாராவது சொன்னால், நேற்றுத்தான் யூடியூபில் அதைத் தேடி எடுத்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது புதுப்படம்.

நம் ஆட்களுக்கு இந்த நாகரிகம் தெரியாதது இல்லை. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தில் உள்ளே கதைச்சுருக்கம் ஒன்று போடுவார்கள். நாயகன் யார், நாயகி யார், வில்லன் என்ன செய்கிறான் எல்லாம் எழுதி, சிக்கல் முற்றுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். மாமியார் கிரே தெருவில் ஷாஜகான் தியேட்டருக்கும், விக்டோரியா தெருவில் 1939இல் திறந்த அவலானுக்கும் போன கதைகளைச் சொல்வார். இந்தியாவில் ஓடி முடித்து, ரொம்ப நாள் கழித்துத்தான் பிரிண்ட் கப்பலில் வருமாம், பார்த்துவிட்டு வந்த அக்கா வீட்டில் தங்கைகளிடம் வாயைத் திறக்க மாட்டாராம், அடுத்த வாரம் அவர்கள் முறை வரும் வரைக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் போகப் பணம் இல்லாத வீட்டில் அப்படிக் காத்திருந்தார்கள்.

தியேட்டருக்கு உள்ளேயும் சில விஷயங்கள் குழு கவனிக்கலாம். ஒன்று இடைவேளை வரிசை. ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டு நண்பர்களோடு இரண்டாம் தடவை வந்தவர்கள் அங்கே நின்றுகொண்டு "செகண்ட் ஹாஃப்ல இருக்கு பாரு" என்று தொடங்கினால் முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் எங்கே ஓடுவது, கையில் பாப்கார்ன் வேறு. இன்னொன்று சப்டைட்டில், இதைக் குழுவின் தப்பு என்று சொல்ல முடியாது, பிரதியே அப்படித்தான் வருகிறது. வசனம் பேசுவதற்கு ஒரு நொடி முன்பே எழுத்து வந்துவிடுகிறது. நகைச்சுவை நடிகர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, மாமியார் வரிசையில் உள்ள ஆண்டிகள் எல்லோரும் சிரித்து முடித்துவிடுகிறார்கள், அந்தச் சிரிப்பில் நமக்கு வசனமே கேட்பதில்லை. பெரிய காட்சிகளில் இது இன்னும் வலிக்கும். "உன் அப்பா" என்று நடிகர் இழுத்து நிறுத்தும்போது கீழே முழு வாக்கியமும் கிடக்கிறது. அதனால் நான் சப்டைட்டில் கண்ணில் படாத மாதிரி முன்வரிசை இருக்கை கேட்டு வாங்குகிறேன், தலையைத் தூக்கியே பார்ப்பதால் கழுத்துதான் வலிக்கும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் முயன்று பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் பாட்டிக்குப் பேரன் மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, சொல்லட்டும். அடுத்து என்ன வரும் என்று சொல்வதுதான் வேண்டாம்.

குழுவுக்கு நான் எழுதிக் கேட்டது இவ்வளவுதான். டிக்கெட் குழுவில் அட்மின்கள் மட்டும் செய்தி போடும்படி பூட்டிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது. பேசுவதற்குத் தனிக் குழு தொடங்குங்கள், படம் பார்த்தவர்கள் அதில் சேரட்டும், முடிவை வைத்து ராத்திரி முழுக்கச் சண்டை போடட்டும், நானும் வருவேன், எனக்கும் சண்டை போடப் பிடிக்கும். டெலிகிராமுக்கு மாறினால் இன்னும் நல்லது, எழுத்தை மூடிவைத்து விருப்பப்பட்டவர் மட்டும் தொட்டுத் திறக்கிற வசதி அங்கே 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. லண்டனில் 1952 முதல் ஓடும் அகதா கிறிஸ்டியின் 'மௌஸ்டிராப்' நாடகத்தில், முடிவில் நடிகரே மேடையில் நின்று ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். விளக்குப் போட்டதும் அட்மின் அண்ணன் எழுந்து அடுத்த படத்தின் தேதியைச் சொல்கிறார் அல்லவா, அதோடு "பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நாளைக்குத்தான் காட்சி, அதுவரை கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எவ்வளவு நாள் பொறுப்பது என்று கேட்டால், சென்னையில் எப்போது வந்தது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நம் குழுவின் கடைசிக் காட்சி எப்போது முடிகிறதோ அதுவரை. ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸ்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிதான் வசதி. அதற்குப் பிறகும் தனியாக ஒருவரிடம் பேசும்போது "பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் முன்கூட்டியே சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். போன வருடம் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் குழுவில் இருக்கிறார். படத்தில் அப்படி ஏதாவது வருகிறதா என்று அவர் தனியாக அட்மினிடம் கேட்டார், அட்மின் வெளியூரில் பார்த்தவர்களிடம் விசாரித்து அவருக்கு மட்டும் சொன்னார், அவர் அந்தக் காட்சிக்கு வரவில்லை, பணத்தையும் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாருக்கும் ஏன் என்று தெரியாது. அவ்வளவு பக்குவமாக நடந்துகொள்ளத் தெரிந்தவர்களால் ஒரு வீடியோவை நீக்க முடியாதா என்பதுதான் என் வருத்தம்.

5க்கு 3 கொடுக்கிறேன். குழுவைப் பூட்டினால் அன்றைக்கே 5 ஆக்கிவிடுவேன். நீங்கள் சேருவதாக இருந்தால் முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள், முகப்புப் படம் ஓரளவு மங்கலாகவே நிற்கும். அறிவிப்பில் செய்தியின் முதல் வரி தெரிவதையும் அணைத்துவிடுங்கள். பணத்தை வியாழன் ராத்திரிக்குள் அனுப்பிவிடுங்கள், வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஓரத்து இருக்கைதான் கிடைக்கும், இருக்கை எண்ணை அட்மினிடம் தனிச் செய்தியில் கேளுங்கள், கேட்டால் அனுப்பிவிடுகிறார்.